பொட்டு வைத்த ஃபயர்வால்

பதிவு 1. அக்டோபர் 9, காலை 10.20 (இந்திய நேரம்). நிலவு, தென்முனை ரிலே நிலையம்.

எட்டு மாதம் வாயை மூடிக்கொண்டிருந்தது போதும். அலுவலகப் பதிவேட்டில் எழுதினால் திருத்திவிடுகிறார்கள். அதனால் இதைத் தனியாக எழுதுகிறேன். யார் கையில் கிடைக்கிறதோ அவர் படிக்கட்டும்.

ஆண்டெனா சரி. மின்சாரம் சரி. பூமியுடனான இணைப்பு காலையிலிருந்து இரண்டு முறை அறுந்தது. நிலையத்தில் நான் ஒருவன். சக ஊழியர் எஸ்தர் நவமணி, மண்ணியல் ஆய்வாளர், தூத்துக்குடிக்காரி, வெயிலே படாத பள்ளத்தின் அடியில் ஊர்தியில் இருக்கிறாள். ஆய்வுக்கான பனிக்கட்டி மாதிரிகளை எடுத்து முடித்துத் திரும்புகிறாள்.

இணைப்பு ஏன் அறுகிறது என்று எனக்குத் தெரியும். பூமியில் தரை நிலையத்தின் ஃபயர்வாலில், அதாவது வரும் போகும் தகவல்களைச் சோதிக்கும் காவல் இயந்திரத்தில், ஓட்டை. வெளியாள் எவனாவது ‘இணைப்பை முடி’ என்று ஒரு பொய்த் தகவல் அனுப்பினால், அனுப்பியது யார் என்று பார்க்காமல் முடித்துவிடும். தெருவில் போகிறவன் ‘ஐயா போகச் சொல்லிட்டாரு’ என்றதும் வீட்டு விருந்தாளியை வெளியே தள்ளும் கேட் காவலாளி மாதிரி. இன்று காலை நவமணியிடமும் இப்படித்தான் விளக்கினேன்.

பிப்ரவரியிலேயே இதைக் கண்டுபிடித்து இயக்குநர் தணிகாசலத்துக்கு எழுதினேன். எனக்கு வர வேண்டிய நாற்காலியில் இருப்பவர், என்னைவிட நான்கு வயது இளையவர். “கவனத்தில் கொள்ளப்பட்டது” என்று பதில் வந்தது. இரண்டாவது கடிதம் நான் எழுதவில்லை. ஃபயர்வால் செய்த கம்பெனி, ஓட்டையை அடைக்கும் திருத்தம் அனுப்பி இரண்டு வாரம் ஆகிறது. இன்று போடுவதாகச் சொன்னார்கள்.

பதிவு 2. காலை 11.45

ஏழு முறை அறுந்துவிட்டது. யாரோ வேண்டுமென்றே செய்கிறார்கள். யார், எதற்கு, தெரியவில்லை.

ஊர்தி, தரை நிலையத்தின் அனுமதி இருந்தால்தான் நகரும். இணைப்பு அறுந்தால் பிரேக் பூட்டிக்கொள்ளும். மறுபடி அனுமதி வர இருபது நிமிடம். கையால் ஓட்டும் வசதியைப் போன வருட விபத்துக்குப் பிறகு எடுத்துவிட்டார்கள். எங்கள் இருவருக்கும் நடுவே குரல் ரேடியோ மட்டும் நேரடி.

நவமணி: “அண்ணாச்சி, ஒங்க கேட்டுக்காரன் என்னைய மறுபடியும் வெளிய தள்ளிட்டான். எங்க ஊரு டவுன் பஸ்ஸே தேவல.”

நான்: “பேட்டரி எவ்வளவு?”

நவமணி: “ஹீட்டரோட அஞ்சு மணி நேரம். மேல ஏற மூணு போதும். நீங்க மூஞ்சியத் தூக்கி வைக்காம இருங்க.”

வெளியே மைனஸ் இருநூறு டிகிரி. ஹீட்டர் நின்றால் அவளும் நிற்பாள். பள்ளத்தின் விளிம்பில் வெயிலைத் தொட்டுவிட்டால் போதும், பேட்டரி ஏறிவிடும்.

பதிவு 3. பிற்பகல் 1.10

தரை நிலையத்தைக் கூப்பிட்டேன். அதுவும் மூன்று முறை அறுந்தது. பணியில் இருந்தவர் கலியபெருமாள்.

“சார், இன்னைக்கு ஆயுத பூஜை. டைரக்டர் எல்லா மெஷினுக்கும் சந்தனம், குங்குமம் வெச்சு, பூசணிக்காய் உடைச்சுட்டுக் கிளம்பிட்டாரு. நாளைக்குக் காலைல மறுபூஜை முடிஞ்சுதான் கை வைக்கணும்னு ரூம் சாவியைச் சாமி படத்துக்கு முன்னாடி வெச்சிருக்காரு.”

“சாவியை எடுய்யா. ஒரு உசுரு போகப்போகுது.”

“எடுத்துட்டேன் சார். சாமி ஒண்ணும் சொல்லாது. பாஸ்வேர்டு அவர்கிட்டல்ல இருக்கு? போன் சுவிட்ச் ஆஃப்.”

ஃபயர்வாலைக் கழற்றிவிட்டு நேராக இணைக்கச் சொன்னேன். ஊர்திக்கான அனுமதி உருவாவதே அதற்குள்தானாம்.

பூஜையை நான் குறை சொல்லவில்லை. என் ஸ்பேனர்களுக்கு நானும் இன்று பொட்டு வைத்தேன். ஆனால் அந்த ஃபயர்வால் பொட்டோடு ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. அதைப் பழுதுபார்க்கும் வேலைக்கு மட்டும் இன்று ஓய்வு.

பதிவு 4. மாலை 3.30

நான்கு நிமிடத்துக்கு ஒரு முறை அறுகிறது. அனுமதி பாதியிலேயே செத்துவிடுகிறது. ஊர்தி ஒன்றரை மணி நேரமாக ஒரே இடத்தில். விளிம்புக்கு இன்னும் மூன்று கிலோமீட்டர்.

நவமணி: “உக்காந்து உறையுறதுக்கு நடந்தே வாறேன், அண்ணாச்சி. வெயிலத் தொட்டுட்டா உடை சூடேறிரும். ஹீட்டரை அணைச்சிட்டேன். மாதிரி எல்லாம் வண்டியில பத்திரமா இருக்கு.”

நான்: “விண்வெளி உடையில் சூடு ஒரு மணி நேரம்தான் தாங்கும்.”

நவமணி: “தெரியும். ஒண்ணு கேக்கட்டா? எட்டு மாசமாத் தெரியும்னியளே. போன வாரம் சொல்லியிருந்தாக்கூட நான் பள்ளத்துல எறங்கியிருக்க மாட்டேன்லா?”

ஊர்திக்கான அனுமதியை மறுபடி கேட்டு அனுப்பினேன்.

என்னிடம் வேறு ஊர்தி இல்லை. நிலையத்திலிருந்து விளிம்புக்குப் பதினோரு கிலோமீட்டர். உடையை மாட்டினேன். கழற்றினேன். மறுபடி மாட்டிக்கொண்டு ரேடியோ முன் உட்கார்ந்திருக்கிறேன்.

பதிவு 5. மாலை 4.25

“மேல வெளிச்சம் தெரியுது அண்ணாச்சி. வெயிலு. நம்ம ஊரு வெயிலு மாதிரி...”

4.31. கால் மரத்துப்போனதாகச் சொன்னாள். உட்காராதே என்றேன்.

4.38. “ஒரு நிமிசம் மட்டும், அண்ணாச்சி.”

4.44. மூச்சு மட்டும்.

4.52. நவமணி. நவமணி. நவமணி.

பதிவு 6. அக்டோபர் 10, காலை 11.00

தணிகாசலம் காலை எட்டரைக்கு வந்து பாஸ்வேர்டு தந்தார். திருத்தம் போட நாற்பது நிமிடம். இணைப்பு உறுதி. ஊர்திக்கு அனுமதி கிடைத்தது. ஆளில்லாமல், ஒரு முறைகூட நிற்காமல், மிச்சப் பேட்டரியில் விளிம்பு வரை ஏறி வந்தது. வழியில் அவளைத் தாண்டி வந்தது. கேமராவில் பார்த்தேன்.

அறிக்கை வந்துவிட்டது: “ஊழியர் அனுமதியின்றி ஊர்தியை விட்டு இறங்கியதால் நேர்ந்த விபத்து.” ஃபயர்வால் என்ற சொல்லே அதில் இல்லை. இதே ஃபயர்வால் இன்னும் ஏழு தரை நிலையங்களில் இருக்கிறது. அங்கே திருத்தம் போட்டால் இங்கே நடந்ததை ஒப்புக்கொண்டதாகிவிடும். அதனால் போட மாட்டார்கள்.

அந்த ஏழு நிலையங்களுக்கும் கேட்கும்படி இந்தப் பதிவுகளைத் திறந்த அலைவரிசையில் விடப்போகிறேன். பெயர் போட்டால் நாற்காலி கிடைக்காதவன் புலம்பல் என்பார்கள். பொய்யில்லை. ஒரு நாள் எல்லாம் அறுந்து தணிகாசலத்தின் மானம் போகட்டும் என்றுதான் இரண்டாவது கடிதத்தை நான் எழுதவில்லை. நிலவின் இந்த முனையில் உயிரோடு இருப்பது நான் ஒருவன். எழுதியது யார் என்று கண்டுபிடிக்க அவர்களுக்கு அரை நிமிடம் போதும்.

தெரிந்துதான் செய்கிறேன். நவமணியின் பெயர் அப்படியே இருக்கட்டும். என் பெயரைப் போடாமல் அனுப்புகிறேன்.