பூசணிப் பூவும் பூச்சியியல் துறையின் தேனீக்களும்

அனுப்புநர்:
பேராசிரியர்,
பயிர் மரபியல் துறை,
வேளாண்மைக் கல்லூரி.

பெறுநர்:
கல்லூரி முதல்வர் அவர்கள்.

பொருள்: பூசணி ஆய்வு வயலின் வேலியோரம் உள்ள எட்டுத் தேனீப் பெட்டிகளை இடம் மாற்றக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. இக்கல்லூரியில் மரபியல் கற்பிக்கும் நான் இப்பருவத்தின் முடிவில் ஓய்வு பெறுகிறேன். மாணவர்கள் என்னைப் 'பூசணி மேடம்' என்று அழைப்பது தாங்கள் அறிந்ததே. சாம்பல் நோய் தாக்காத பூசணி இரகம் ஒன்றை உருவாக்கி வருகிறேன். ஆறு தலைமுறைகள் முடிந்து, ஏழாவது இப்போது பூத்திருக்கிறது. இதுவும் கலப்பின்றி விதை பிடித்தால் இரகம் நிலைபெறும். தவறினால், மறுபடி தொடங்க எனக்குப் பணிக்காலம் இல்லை.

2. கலப்பு நேராதிருக்க, மறுநாள் விரியவிருக்கும் ஆண், பெண் மொட்டுகளை மாலையிலேயே நூலால் கட்டுகிறோம். விடிந்ததும் அவிழ்த்து, அதே கொடியின் ஆண் பூவைப் பெண் பூவில் தடவி, மீண்டும் கட்டிவிடுகிறோம்.

3. பூச்சியியல் துறைத் தலைவர் மூன்று வாரங்களுக்கு முன் எங்கள் வேலியோரம் மேற்படி பெட்டிகளை வைத்தார். அன்று முதல், நூலை அவிழ்ப்பதற்குள் தேனீ வந்து உட்கார்ந்துவிடுகிறது. பக்கத்துக் கொடியில் புரண்டுவிட்டு, உடம்பெல்லாம் மஞ்சள் பொடியோடு, அழைப்பிதழ் வைத்து வரவழைத்தது போல வருகிறது. "இது எந்தக் கொடியோட பொடின்னு அதுகிட்டயே கேட்டுச் சொல்லுங்க மேடம்" என்று ஆய்வு மாணவி கேலி செய்கிறாள். நேற்று மட்டும் பாதிப் பூக்களைக் கிள்ளி எறிந்தோம்.

4. மேற்படி துறைத் தலைவர் என் கணவர் என்பதை மறைக்காமல் தெரிவித்துக்கொள்கிறேன். வீட்டில் வாய்மொழியாக முறையிட்டேன். "தேனீக்கு நான் என்ன தடை உத்தரவா போட முடியும்? எழுத்துல குடு, மேல அனுப்பறேன்" என்றார், செய்தித்தாளிலிருந்து தலையைத் தூக்காமல். ஆகவே மேலேயே நேரடியாக எழுதுகிறேன். இம்மனுவை வழக்கம்போல் அவருடைய கருத்துக்கு அனுப்ப வேண்டாம். அவருடைய கருத்தை முப்பது ஆண்டுகளாக நான் கேட்டு வருகிறேன்.

5. இவ்விடத்தில் தேன் அமோகமாகக் கிடைக்கிறது என்று அவர் வாதிடக்கூடும். உண்மைதான். முதல் தேன் பாட்டில் தங்கள் இல்லத்திற்கு வந்ததாகவும் கேள்வி. அதில் என் பூக்களின் உழைப்பும் உண்டு என்பதைப் பணிவுடன் சுட்டிக்காட்டுகிறேன்.

ஆகவே, ஒன்றரை மாதத்திற்கு மட்டும், அப்பெட்டிகளை ஆற்றுக்கு அக்கரையில் உள்ள கல்லூரிப் பண்ணைக்கு மாற்ற உடனே ஆணையிடுமாறு வேண்டுகிறேன். தேனீக்கள் மீது எனக்குப் பகை இல்லை. இரகம் தூய்மையாகக் கிடைத்துவிட்டால், வேறு பூசணி இல்லாத தனி வயலில் அதை விவசாயிகளுக்கான விதையாகப் பெருக்க வேண்டும். அத்தனை பூவையும் கையால் தடவி மாளாது, தேனீக்கள்தான் வேண்டும். அப்போது பெட்டிகளைக் கேட்டு யாருக்கும் மனு எழுத மாட்டேன். அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்து, நானே கேட்டுக்கொள்வேன்.

இடம்: பூசணி வயல்
நாள்: வெள்ளிக்கிழமை

தங்கள் ஆணையை எதிர்நோக்கும்,
(ஒப்பம்)
பயிர் மரபியல் பேராசிரியர்