இருபத்தேழாம் தாளில் நான் அழித்த நான்கு விடைகள்

உட்துறைமுக வீதி,
திருகோணமலை.
ஜூன் 11, புதன்கிழமை

அன்பு மகள் றுமானாவுக்கு வாப்பா எழுதிக்கொள்வது. அஸ்ஸலாமு அலைக்கும். உம்மாவும் நானும் உடம்பளவில் சுகம், அங்கே டனிடினில் குளிர் தொடங்கியிருக்கும், நீங்களும் சுகமாக இருக்க அல்லாஹ்வை வேண்டுகிறோம். உறுதியான செய்தியை முதலில் சொல்லிவிடுகிறேன். உங்கள் ஆய்வில் இருபத்தேழாம் இலக்கத் தாளுக்குரிய பெண் நேற்றுச் செவ்வாய்க்கிழமை காலை மனநலக் கிளினிக்குக்குப் போனார். டொக்டர் முக்கால் மணித்தியாலம் அவரோடு கதைத்து, இது மனச்சோர்வுதான், மருந்து தொடங்க வேண்டும், இரண்டு கிழமையில் திரும்பி வர வேண்டும் என்று சொல்லியிருக்கிறார். இதை எனக்குச் சொன்னவர் அவரைக் கூட்டிக்கொண்டு போன ஓய்வுபெற்ற மருத்துவமாது நஜ்முன் நிஸா, நேற்றுப் பின்னேரம் ஐந்து மணிக்கு எங்கள் கேற்றடியில் நின்றபடி. உள்ளே வரச் சொன்னேன், வரவில்லை. இவ்வளவையும் உங்களுக்கு எழுதலாம் என்று அந்தப் பெண்ணே அனுமதி தந்திருக்கிறார், இதற்கு மேல் எதுவும் கேட்க எனக்கு உரிமை இல்லை. நான் உங்களுக்கு அனுப்பிய தாள்களில் அவருடைய புள்ளி பதினொன்று, ஏப்ரலிலும் பதினொன்று, மே மாதத்திலும் பதினொன்று. இருபதும் அதற்கு மேலும் எடுத்தவரைத்தான் டொக்டரிடம் அனுப்ப வேண்டும் என்பது உங்கள் கணக்கு. அந்த இரண்டாவது பதினொன்று பொய், மகள். அதை எழுதியது நான்.

இதை ஃபோனில் சொல்லாமல் ஏன் கடிதமாக எழுதுகிறேன் என்று கேட்பீர்கள். ஃபோனில் உங்களிடம் ஏற்கெனவே ஒரு பொய் சொல்லிவிட்டேன், எழுத்தில் இன்னும் சொல்லவில்லை. நீங்கள் அறிந்த விடயங்களையும் தொடக்கத்திலிருந்து எழுதுகிறேன், ஏனென்றால் இதை உங்கள் பேராசிரியருக்கும் மொழிபெயர்த்துக் காட்ட வேண்டும். போன வருடம் ஓகஸ்டில் நீங்கள் வந்து நின்றபோது எனக்கும் நஜ்முன் நிஸாவுக்கும் இரண்டு நாள் பயிற்சி தந்தீர்கள். மனச்சோர்வை அளக்கும் இருபது கேள்விகள், எங்கள் பக்கத்துத் தமிழில் நீங்களே எழுதியவை, ஒவ்வொன்றுக்கும் பூச்சியத்திலிருந்து மூன்று வரை புள்ளி. கடற்றொழில் குடும்பங்களில் அறுபது பேரிடம் கேட்க வேண்டும், சரியாகப் பதினாலு நாள் கழித்து அதே அறுபது பேரிடம் அதே கேள்விகளைத் திரும்பவும் கேட்க வேண்டும். இரண்டு நாள் புள்ளிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், முதல் நாள் கூட எடுத்தவர் மற்ற நாளும் கூட எடுக்கிறாரா, குறைய எடுத்தவர் குறைய எடுக்கிறாரா என்று தெரியும், அந்த ஒற்றுமைக்கு ஓர் எண் உண்டு, அது ஒன்றுக்குக் கிட்ட வந்தால் கேள்வித்தாளை நம்பலாம் என்றீர்கள். மனிதர் பதினாலு நாளில் கொஞ்சம் மாறத்தான் செய்வார்கள், நித்திரை கெட்ட நாளும் உண்டு, மீன் பட்ட நாளும் உண்டு, அதனால் அந்த எண் ஒன்றாகவே வராது, தசம் எட்டு, அதாவது 0.8, வந்தாலே எனக்குப் பெருநாள் என்று சிரித்தீர்கள். பிறகு ஒன்று சொன்னீர்கள், சிரிக்காமல் சொன்னீர்கள். வாப்பா, ரெண்டாம் தரம் போகேக்க முதல் தாளைக் கையில கொண்டுபோக வேணாம், அலுமாரிக்குள்ள வச்சுப் பூட்டுங்க என்று. நான் ஓம் என்றேன். என் குறிப்புப் புத்தகத்திலும் அது இருக்கிறது, ஓகஸ்ட் 17, கீழே இரட்டைக் கோடு.

முதல் பதின்மூன்று பேரிடம் இரண்டாம் முறை வெறுங்கையோடுதான் போனேன். அவர்களில் பதின்மூன்றாவது ஆள் மூதூர் இறங்குதுறையில் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தவர். முதல் கேள்வியைக் கேட்டவுடன், போன முறை நான் என்ன சொன்னனான், அதையே போட்டுடுங்க, வேலை கிடக்கு என்றார். நான் கேள்விகளைத் திரும்ப வாசித்தேன், அவர் ஒன்றுக்கு ஒன்று மாற்றிச் சொன்னார். எனக்கு அது பொறுக்கவில்லை. முப்பத்தேழு வருடம் ஒருவர் சொன்னதை எழுதி, அவருக்கே திருப்பி வாசித்துக் காட்டி, ஓம் அதுதான் என்ற சொல்லை வாங்கிய பிறகுதான் செய்தி அனுப்பியிருக்கிறேன். இன்றைக்கு ஒன்று நாளைக்கு ஒன்று சொல்கிறவரின் கூற்றைப் பத்திரிகையில் போட்டதில்லை. அடுத்த நாள் அலுமாரியைத் திறந்து பழைய தாள்களை எடுத்துப் பையில் வைத்தேன். அன்றிலிருந்து கேள்வியை வாசிப்பேன், அவர் விடை சொல்லுவார், பழைய விடையோடு பொருந்தாவிட்டால் போன முறை இப்படிச் சொன்னீர்களே என்று வாசித்துக் காட்டுவேன். ஆட்கள் உடனே ஓம் ஓம் அதுதான் சரி என்பார்கள். வேலை கெதியாக முடிந்தது, தாள்கள் துப்புரவாக இருந்தன, நான் மிகவும் திருப்தியாக வீட்டுக்கு வந்தேன். நீங்கள் அளக்கக் கேட்டது அந்தப் பொருந்தாமையைத்தான் என்று எனக்கு அப்போது உறைக்கவில்லை. அது பிழை என்று நினைத்து ஒவ்வொன்றாகத் திருத்திக்கொண்டு வந்திருக்கிறேன்.

இருபத்தேழாம் இலக்கத்தை முழுதாக எழுத வேண்டும். நஜ்முன் நிஸாவுக்கு முழங்கால் வீங்கியதால் பெண்களிடமும் நானே போனேன் என்பது உங்களுக்குத் தெரியும். ஏப்ரல் 24ஆம் திகதி போனபோது, ஆண் ஆள் வந்திருக்கிறேன் என்பதால் அந்தப் பெண்ணின் மாமி, புருசனுடைய தாய், பக்கத்தில் கதிரை போட்டு உட்கார்ந்திருந்தார். விடைகள் எல்லாம் மாமி காதில் விழ வந்த விடைகள், நித்திரை நல்லா வருது, களைப்பு எப்பயாவதுதான், ஒரு குறையும் இல்லை. மே 8ஆம் திகதி வியாழக்கிழமை மாமி கிண்ணியாவில் ஒரு கலியாண வீட்டுக்குப் போயிருந்தார், நான் உம்மாவைத் துணைக்குக் கூட்டிப் போயிருந்தேன். முதல் நான்கு கேள்விகளுக்கும் அவர் மெல்லமாகச் சொன்ன விடைகள் இரண்டு, மூன்று, மூன்று, இரண்டு. ஏப்ரல் தாளில் அந்த நான்கும் பூச்சியம், ஒன்று, பூச்சியம், ஒன்று. நான் தாளை விரித்து, தங்கச்சி, போன முறை இப்படி இல்லையே, யோசிச்சுச் சொல்லுங்க என்றேன். அவர் உம்மாவைப் பார்த்தார், பிறகு தாளைப் பார்த்தார், அப்ப அதையே போடுங்க என்றார். மற்றப் பதினாறு கேள்விகளையும் நான் சரியாகக் கேட்கவில்லை. பதினேழாம் கேள்வி உயிரோடு இருக்க விருப்பம் உண்டா என்பதைப் பற்றியது, அதை வாசிக்கவே இல்லை, பழைய தாளில் இருந்த பூச்சியத்தைப் பார்த்துப் பூச்சியம் எழுதினேன். கடற்காற்றில் மை பரவும் என்று பென்சிலால் எழுதி வீட்டில் வந்து பேனையால் எழுதுவது என் பழக்கம். அந்த நான்கு விடைகளையும் அழிறப்பரால் நன்றாக அழித்திருக்கிறேன், ஆனாலும் தாளை வெளிச்சத்தில் பிடித்தால் தெரிகிறது. படம் எடுத்து இதோடு அனுப்புகிறேன்.

திரும்பி வரும்போது பாலத்துக்குக் கிட்டப் பஸ்ஸில் உம்மா சொன்னதையும் எழுதுகிறேன், எழுதாவிட்டால் அவரே எழுதுவார். அந்தப் புள்ள சொல்ல வந்திச்சு, நீங்க வாசிச்சு வாயை அடைச்சுப்போட்டீங்க என்றார். உங்களுக்கு இந்தக் கணக்கு விளங்காது ரபீக்கா என்றேன். எனக்குக் கணக்கு விளங்காதுதான், அழுற கண் விளங்கும், அவ அழுதத நீங்க பாக்கயில்ல, உங்கட கண் தாள்ல இருந்திச்சு என்றார். பஸ்ஸில் முன் சீற்றில் இருந்தவர்கூடத் திரும்பிப் பார்த்தார். நான் பத்திரிகையை விரித்துக்கொண்டேன்.

பிறகுதான் அந்த ஞாயிற்றுக்கிழமை, ஜூன் 1. ஃபோன் எடுத்து, எண் தசம் ஒன்பது எட்டு வந்திருக்கிறது என்றீர்கள், பேராசிரியர் அந்த அறுபது பேரும் மனிசரா கல்லா என்று கேட்டதாகவும், எடுத்தது என் வாப்பா, முப்பத்தேழு வருடப் பத்திரிகையாளர், ஒரு எழுத்துப் பிழைக்கும் மன்னிப்புக் கேட்கிறவர் என்று நீங்கள் பதில் சொன்னதாகவும் சொன்னீர்கள். அதன் பிறகு, வாப்பா, முதல் தாளைக் காட்டயில்லதானே என்று கேட்டீர்கள். கேட்டே ஆக வேண்டிய கேள்வி, மகள், நன்றாகக் கேட்டீர்கள். நான் இல்லை என்றேன், அது எனக்குத் தெரியாதா என்று சேர்த்தும் சொன்னேன். உங்கள் குரலில் ஒரு சந்தோசம் வந்தது, அதைக் கேட்டுக்கொண்டு நான் ஃபோனை வைத்தேன். உம்மா குசினி வாசலில் நின்று எல்லாம் கேட்டிருக்கிறார். பேப்பர்ல போடாத பொய்யெல்லாம் புள்ளைக்கெண்டு சேர்த்து வச்சிருந்தீங்களா என்றார். அன்றைக்கே சால்வையைப் போட்டுக்கொண்டு, அந்தப் பெண்ணைப் போய்ப் பார்க்கச் சொல்லி நஜ்முன் நிஸா வீட்டுக்குப் போனது அவர்தான், நான் போகவில்லை. நேற்று அந்தப் பெண் கிளினிக் வரை போனதற்கு இந்த வீட்டில் யாருக்காவது நன்மை எழுதப்படும் என்றால் அது உங்கள் உம்மாவுக்கு.

பெருநாளுக்கு நம் மூத்த மகன், உங்கள் அஸ்ஹான் காக்கா, குடும்பத்தோடு வந்து மூன்று நாள் நின்றார். உங்கள் பெறுபேறைப் பற்றி எல்லோரிடமும் பெருமையாகச் சொல்லி, தசம் ஒன்பது எட்டாம், வாப்பாட வேலை என்று என் தோளில் தட்டினார். அவர்கள் போன பிறகு அறுபது சோடித் தாள்களையும் மேசையில் பரப்பிக் கணக்குப் பார்த்தேன். வாசித்துக் காட்டாத பதின்மூன்று பேரில் இரண்டு நாளும் ஒரே மொத்தம் எடுத்தவர்கள் இரண்டே பேர், மற்றவர்களுக்கு இரண்டு மூன்று புள்ளி வித்தியாசம், ஒருவருக்கு ஆறு. வாசித்துக் காட்டிய நாற்பத்தேழு பேரில் முப்பத்தொன்பது பேருக்கு ஒரே மொத்தம். இலக்கங்களைத் தனித்தாளில் எழுதியிருக்கிறேன், சரிபார்த்துக்கொள்ளுங்கள். நீங்கள் முன்பு அனுப்பிய சூத்திரத்தையும் ஃபோன் கல்குலேற்றரில் போட்டுப் பார்த்தேன். புள்ளிகள் எவ்வளவு பரந்திருக்கின்றன என்று காட்டும் நியம விலகல் எட்டு, எண் தசம் ஒன்பது எட்டு என்றால் ஒருவருடைய புள்ளியில் எதிர்பார்க்கக்கூடிய வழு, அதாவது கூடவோ குறையவோ பிழைக்கக்கூடிய அளவு, ஒன்றுக்குச் சற்று மேலே. தசம் எட்டு என்றால் மூன்றரைக்கு மேலே. அப்படியென்றால் பதினெட்டு எடுத்த ஒருவரை உங்களுக்கு ஒன்றுமில்லை என்று நிம்மதியாக வீட்டுக்கு அனுப்பச் சொல்வது என்னுடைய தசம் ஒன்பது எட்டு. உண்மையான வழு தெரிந்தால் எந்த டொக்டரும் அவரைக் கொஞ்சம் இருக்கச் சொல்லுவார். இந்தக் கேள்வித்தாள் ஆஸ்பத்திரிகளுக்குப் போகும் என்று சொன்னீர்கள். அங்கே கதிரையில் இருக்கப்போகிறவர்களை நான் ஒரு நாளும் காணமாட்டேன், ஆனால் நான் திருத்திய எண்தான் அவர்களுக்கு முன்னால் இருந்திருக்கும். இரண்டு இரவாக நினைப்பது இதைத்தான்.

ஆகவே நாற்பத்தேழு தாள்களையும் நம்ப வேண்டாம், ஜூன் 30ஆம் திகதி ஆய்வை ஒப்படைக்கவும் வேண்டாம். என்ன நடந்தது என்று ஒப்பமிட்ட என் கூற்று இந்த ஈமெயிலோடு வருகிறது, நாளை காலை பதிவுத் தபாலிலும் போடுவேன். தரவு திரட்டியவர் அனுபவமுள்ள பத்திரிகையாளர் என்று எழுதியிருந்த வரியை எடுத்துவிடுங்கள். அந்த இடத்தில் என்ன நடந்ததோ அதை எழுதுங்கள், பெயரோடு எழுதினாலும் எனக்கு மறுப்பில்லை. வருடம் ஒன்று பிந்தினால் உங்களுக்கு எவ்வளவு நட்டம் என்று எனக்குத் தெரியும், அதைச் சின்னதாக்கிச் சொல்ல மாட்டேன். என்னில் கோபப்படுங்கள், ஆனால் கோபத்தில் சாப்பாட்டை விட வேண்டாம். ஹீற்றர் இல்லாமல் படுக்க வேண்டாம் என்று உம்மா சொல்கிறார். அவருடைய பிறசர் இப்போது அளவாக இருக்கிறது, குளிசையை நேரத்துக்குப் போடுகிறார். என்னோடு தேவைக்கு மட்டும் கதைக்கிறார், கச்சான் காற்றுக்கு ஜன்னலைச் சாத்துங்க, தேத்தண்ணி ஆறுது, அவ்வளவுதான். அல்லாஹ் உங்கள் அறிவில் பறக்கத் செய்து அதைப் பெருக்குவானாக, உங்கள் கையால் வரும் அளவு யாரையும் ஏமாற்றாதிருக்கச் செய்வானாக. தொழுகையில் என்னையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

இனித் தெரிய வேண்டியவை. நாற்பத்தேழு பேரிடமும் புதிதாகத் தொடங்கலாமா என்பதை நீங்களும் பேராசிரியரும் சொல்ல வேண்டும், நஜ்முன் நிஸா தயார், தாள்கள் இப்போது அவர் வீட்டில் பூட்டியிருக்கின்றன, திறப்பும் அவரிடம். அந்தப் பெண்ணின் அடுத்த கிளினிக் ஜூன் 24, செவ்வாய்க்கிழமை. அதற்கு முன்னால், இந்த முறை ஒருவரும் பக்கத்தில் இல்லாமல் இருபது கேள்விகளையும் முதலிலிருந்து தன்னிடம் கேட்கச் சொல்லி அவரே நஜ்முன் நிஸாவைக் கேட்டிருக்கிறார், உங்கள் ஆய்வுக்காக இல்லை, டொக்டரிடம் கொடுப்பதற்காக. வருகிற வெள்ளிக்கிழமை, அஸர் தொழுகைக்குப் பின். நான் போகமாட்டேன். மொத்தம் எத்தனை வந்தது என்று எனக்குச் சொல்ல வேண்டாம் என்றும் சொல்லியிருக்கிறேன்.

உங்கள் வாப்பா,
எம். லாபிர்