நான் உடைக்காத கிட்டார்

துடியலூர்
நவம்பர் 16, ஞாயிறு

அன்பு மகள் ஷைலாவுக்கு அப்பா எழுதுவது.

ஆண்டவர் அருளால் இங்கே நானும் அம்மாவும் சுகம். நீயும் சுகம் என்பதைச் சனி ஞாயிறுகளில் டிவியைப் பார்த்துத் தெரிந்துகொள்கிறோம், ஆனால் அந்த மேக்கப்புக்கு அடியில் எப்படி இருக்கிறாய் என்று நீயாகச் சொன்னால்தான் தெரியும். போன் இருக்கும்போது அப்பன் எதற்குக் கடிதம் எழுதுகிறான் என்று நினைப்பாய். போன் போட்டால் நீ ஷூட்டிங்கில் இருப்பாய், இல்லாவிட்டால் அம்மா பிடுங்கிக்கொள்வாள், இரண்டும் இல்லாவிட்டால் நான் மழையைப் பற்றிப் பேசிவிட்டு வைத்துவிடுவேன். பம்ப்செட் கம்பெனியில் முப்பத்தொரு வருடம் டெஸ்டிங்கில் நின்றவனுக்கு மோட்டார் ஓடுகிற சத்தத்தைக் கேட்டுக் கோளாறு எங்கே என்று சொல்ல வரும், பெற்ற பிள்ளையிடம் பேச வராது. அதனால்தான் பேனாவை எடுத்தேன்.

மழை நன்றாகவே பெய்தது, போர்வெல்லில் தண்ணீர் மேலே வந்திருக்கிறது. அம்மாவுக்குச் சுகர் குறைந்தது, குறைந்த சந்தோஷத்தில் இரண்டு தேங்காய் பன்னைத் தின்று மறுபடி ஏற்றிக்கொண்டாள். உன் தம்பி மெல்வின் பல்லடத்தில் ஒரு கோழித்தீவனக் கம்பெனிக்கு மாறிவிட்டான், தினமும் வண்டியில்தான் போய் வருகிறான், சாயங்காலம் அவன் உள்ளே நுழைந்தால் வீடெல்லாம் தீவன வாசம். பெண் பார்க்கலாமா என்று கேட்டால் அக்காவுக்கு முதலில் பாருங்கள் என்கிறான். இது நான் கேட்கச் சொன்னது இல்லை, அம்மா எழுதச் சொன்னது. தலைக்கு எண்ணெய் வைக்கச் சொல்லியும் எழுதச் சொன்னாள், எழுதிவிட்டேன்.

நீ பாட்டை விட்டுவிட்டாயா என்று என்னிடம் கேட்காத ஆள் இல்லை. காலேஜ் முடித்த வருடம் நீயே எழுதி நீயே மெட்டுப் போட்ட அந்த டவுன் பஸ் பாட்டை ஊரே ரிங்டோனாக வைத்திருந்தது, மெல்வின் போனில் காட்டித்தான் நாங்கள் கேட்டோம். பிறகு சென்னைக்குப் போனாய், சினிமாவில் டிராக் பாடினாய், அதாவது வேறு யாரோ பாடப்போகிற பாட்டை முதலில் நீ பாடிக் காட்டுவது, அப்புறம் உன் குரலை எடுத்துவிட்டு அவர்கள் குரலை வைப்பது. மூன்று வருடம் அப்படி இருந்தாய். உன் சொந்தப் பாட்டுகள் ஏழு சேர்த்து வெளியிட்டாய், அது ஓடவில்லை. ஒருநாள் டிவி பாட்டுப் போட்டியில் தொகுத்துப் பேச வேண்டிய பெண்ணுக்குக் காய்ச்சல் என்று உன்னை நிறுத்தினார்கள், அந்த ஒருநாள் ஆறு வருடமாகிவிட்டது. நான் இதைக் குறையாகச் சொல்லவில்லை கண்ணு. பாடி முடித்த பிள்ளைக்கு மார்க் வரும் முன்னால் நீ அதன் பக்கத்தில் போய் நிற்கிற விதம் இருக்கிறதே, அதை யாரும் எழுதிக் கொடுத்திருக்க முடியாது. தோற்ற பிள்ளையின் பெயரைக்கூட ஜெயித்த பிள்ளையின் பெயரைப் போலவே அழுத்திச் சொல்கிறாய். பாட்டு எழுதுகிறவளுக்குத்தான் அது வரும் என்று நான் கேட்கிறவர்களிடம் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். மூன்று வாரத்துக்கு முன்னால் கிணத்துக்கடவுப் பெண் தேஜஸ்ரீ மேடையில் நின்று பாட முடியாமல் அழுதாளே, அப்பாவுக்குப் பிடிக்கவில்லை, என்னோடு பேசுவதே இல்லை என்று. நீ அவள் கையைப் பிடித்துக்கொண்டு, எங்கப்பாவும் அப்படித்தான், என் கிட்டாரைச் சுவத்துல அடிச்சு ரெண்டாக்கிட்டாரு, ஆனாலும் நான் இங்கதானே நிக்கிறேன் என்றாய். அந்தப் பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டு பாடினாள், அரங்கமே எழுந்து நின்றது. உன் அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் டிவியைப் பார்த்தேன். சின்ன வயதிலிருந்தே பொய் சொல்லும்போது நீ கடைசி வார்த்தையை விழுங்குவாய், அன்றைக்கும் விழுங்கினாய். எழுதிக் கொடுத்தார்களோ நீயாகச் சொன்னாயோ எனக்குத் தெரியாது. ஒப்பணக்காரத் தெருவில் ஐந்து கடை ஏறி இறங்கி அந்தக் கிட்டாரை உன்னோடு வந்து வாங்கியவன் நான், அது இன்றைக்கும் பீரோ மேல் உறைக்குள் முழுசாக இருக்கிறது.

மறுநாளிலிருந்து எனக்குப் பேர் மாறிவிட்டது. பேக்கரி அரங்கசாமி டீயை நீட்டிக்கொண்டே, ஏனுங்க சார், புள்ள கிட்டார ஒடைச்சுப்போட்டீங்களாமா, எங்க ஊட்டுல பாத்துப்போட்டு ஒரே அழுவாச்சிங்க என்றார். கோயிலில் வின்ஸ்டன், பாடற்குழுவில் கிட்டார் வாசிக்கிறவன், நான் பாடற்குழுவை நடத்திய காலத்தில் என்னிடம் பாடிப் பழகியவன், நான் பெஞ்சில் வந்து உட்கார்ந்ததும் கிட்டாரை எடுத்து அந்தப் பக்கம் வைத்துக்கொண்டான். விளையாட்டுக்குத்தான் செய்தான், ஆனாலும் செய்தான். ஊர் வாயை மூட உலைமூடி இல்லை. அம்மாவுக்கு வந்த கோபத்தில் கிட்டாரைக் கீழே இறக்கித் தூசி தட்டி, மெல்வினைக் கூப்பிட்டு, போட்டோப் புடிச்சு அந்த வீடியோவுக்குக் கீழயே போடுடா என்றாள். நான்தான் தடுத்தேன். பார்க்கிறவர்கள் நம்புவதுதான் உனக்குச் சோறு போடுகிறது, அந்த ஒரு போட்டோ போதும் ஆறு வருடத்தையும் கொண்டுபோக. எனக்கு ரிட்டயர் ஆன வயதில் பேர் எதற்கு, கேஸ் சிலிண்டர் புக் பண்ணவா. அடுத்த தடவை அரங்கசாமி கேட்டபோது, ஆமாங்க, அப்ப ஒரு கோவத்துல ஒடைச்சுப்போட்டனுங்க என்று சொல்லிவிட்டேன். சனிக்கிழமை பாவசங்கீர்த்தனத்தில் உடைக்காத கிட்டாரை உடைத்தேன் என்று பொய் சொன்னேன் சாமி என்றேன், சாமியார் ஒரு ஜெபமாலை சொல்லச் சொன்னார். அதோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன்.

போன வியாழக்கிழமை காலையில் வாசலில் ஒரு ஆள் வந்து நின்றார். தேஜஸ்ரீயின் அப்பா செங்கோடன், கிணத்துக்கடவில் தென்னந்தோப்பு வைத்திருக்கிறார். இரண்டு பஸ் மாறி, கோயிலில் விசாரித்து, நாலு தேங்காயும் ஒரு சீப்பு நேந்திரம்பழமுமாக வந்திருந்தார். சண்டைக்கு வந்திருக்கிறார் என்று அம்மா பயந்துபோய் சமையலறைக்குப் போய்விட்டாள். அவர் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, நானெல்லாம் ஒண்ணும் ஒடைக்கலைங்க, பேச்சை நிறுத்திப்போட்டேன், அவ்வளவுதானுங்க, மூணு மாசமாச்சு, இப்ப எப்படி ஆரம்பிக்கறதுன்னு தெரியலைங்க என்றார். பிறகு என் முகத்தைப் பார்க்காமல் கேட்டார், நீங்க ஒடைச்சதுக்கு அப்பறம் புள்ள எப்பங்க உங்ககிட்ட மனசு உட்டுப் பேசுச்சு என்று.

அரங்கசாமியிடம் சொல்வது வேறு. இந்த ஆள் என்னிடம் வழி கேட்டு வந்திருந்தார். நான் ஏதாவது ஒன்றைச் சொன்னால் அதை வீட்டுக்குக் கொண்டுபோய் அப்படியே செய்துவிடுவார் போல இருந்தது. கிட்டாரை நான் உடைக்கலைங்க, வேறொண்ணு செஞ்சேன் என்றேன். அதைச் சொல்லத் தொடங்கிய பிறகுதான் இதை யாரிடமும் நான் சொன்னதில்லை என்று தெரிந்தது, உன் அம்மாவிடம்கூட.

நீ பிளஸ் டூ படித்த வருடம் கிறிஸ்துமஸ் பூசைக்குக் காணிக்கைப் பாட்டு ஒன்று எழுதினாய். தொழுவத்தில் மழை ஈரத்தில் குழந்தையின் துணியை எங்கே காயப்போடுவது என்று மாதா யோசிக்கிற பாட்டு. பாடற்குழுவில் பதினான்கு பேரும் இரண்டு வாரம் பழகினார்கள். கடைசிப் பயிற்சி நாளில் நான் பாட்டு லிஸ்டில் அதை அடித்துவிட்டேன். சொந்தப் பாட்டெல்லாம் பூசைக்கு ஆகாது, சாமியார் ஒத்துக்கொள்ளமாட்டார் என்றேன். சாமியாரிடம் நான் கேட்கவே இல்லை கண்ணு. அந்த இடத்தில் வைத்த பாட்டும் சொந்தப் பாட்டுத்தான், நான் எழுதியது. இருபது வருடமாக அந்தக் கோயிலில் என் பாட்டுகளைப் பாடியிருக்கிறார்கள், வெளியே போகும்போது ஒருவர்கூட அதை முணுமுணுத்துக் கேட்டதில்லை. உன் பாட்டைப் பயிற்சி முடிந்து சைக்கிள் ஸ்டாண்டில் நின்று நாலு பேர் பாடிக்கொண்டிருந்தார்கள். எனக்குப் பொறாமை. மகள் விஷயத்தில் அந்த வார்த்தையை எழுதக் கை கூசுகிறது, ஆனாலும் வேறு வார்த்தை இல்லை. பூசையில் என் பாட்டுக்கு இரண்டாம் குரல் பாடினாய், ஒரு இடத்தில்கூடத் தப்பவில்லை. அதற்குப் பிறகு இந்த வீட்டில் நீ புதுப்பாட்டு எதையும் பாடிக் காட்டியதில்லை என்பது செங்கோடனிடம் சொல்லும்போதுதான் எனக்கே புரிந்தது. மேடையில் அந்தப் பெண்ணிடம் நீ என்ன சொல்லியிருக்க முடியும், எங்கப்பா லிஸ்டில் ஒரு கோடு போட்டார் என்றா. அதற்கு யார் அழுவார்கள். டிவிக்குப் புரிகிற மாதிரி ஒரு சத்தம் வேண்டியிருந்தது, கிட்டாரை உடைத்தாய். இப்படித்தான் நான் நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

செங்கோடன் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, அப்பறம் புள்ள பேசுச்சுங்களா என்று மறுபடியும் அதையே கேட்டார். பேசுதுங்க, சாப்பிட்டீங்களான்னு கேக்குது, மாத்திரை வாங்கி அனுப்புது, கிறிஸ்துமசுக்குச் சட்டை எடுத்து அனுப்புது, ஆனா அதைப் பத்தி இன்னும் பேசலைங்க, நானும் பேசலைங்க, பதினஞ்சு வருசமாச்சு என்றேன். அவர் காப்பியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்துவிட்டார். நான் போயிக் கூப்பிடறனுங்க என்றவர் எங்கள் கேட்டைத் தாண்டும் முன்பே போனைப் போட்டார். அந்தப் பெண் எடுத்தாளா, என்ன பேசினார்கள் என்று ரோட்டுச் சத்தத்தில் எனக்குக் கேட்கவில்லை. ரொம்ப நேரம் வேப்பமரத்தடியில் போனைக் காதில் வைத்தபடி நின்றிருந்தார். கிட்டார் விஷயத்தை அவர் யாரிடமும் சொல்லமாட்டார், சொல்கிற ஆள் இல்லை.

டிவியில் நீ எதையும் திருத்திச் சொல்ல வேண்டாம். அப்படிச் செய்யாதே என்று கேட்டுக்கொள்கிறேன். இந்த வருடம் கிறிஸ்துமஸ் பாட்டு லிஸ்டை வின்ஸ்டன்தான் எழுதுகிறான், உன் பாட்டைச் சேர் என்று நான் அவனிடம் சொல்லப்போவதும் இல்லை, அது உனக்காகச் செய்வதாக இருக்காது, என் மனசு ஆறுவதற்காகச் செய்வதாக இருக்கும். நீ பாட்டு எழுதினாலும் சரி, இப்படியே பேசிக்கொண்டிருந்தாலும் சரி, உன்னை நினைத்து எனக்குப் பெருமைதான். ஆனால் அன்றைக்கு நான் செய்தது தப்பு. என்னை மன்னித்துவிடு அம்மணி.

ஆண்டவரும் மாதாவும் உன்னைக் கைவிடாமல் காக்கட்டும். உன் குரலுக்கும் உடம்புக்கும் ஒரு குறையும் வராமல் இருக்கட்டும். நேரத்துக்குச் சாப்பிடு, ஏசி அறையிலிருந்து வந்ததும் குளிர்ந்த தண்ணீர் குடிக்காதே. பதில் எழுத நேரம் இல்லாவிட்டால் ஒரு வரி போதும், ஒன்றை மட்டும் மறக்காமல் சொல். மேடையில் நீ கிட்டார் என்று சொன்னது அந்தக் கிறிஸ்துமஸ் பாட்டைத்தான் என்று நானாக நினைத்துக்கொண்டு இத்தனை பக்கம் எழுதிவிட்டேன். அதுதானா, இல்லை நான் செய்துவிட்டு மறந்தேபோன வேறு ஏதாவதா?

உன் அன்பு அப்பா,
ஞானாபரணம்