சுடாமல் நின்றவர்கள்

2022 ஜூலை 6, புதன்

கிளினிக்கில் இன்று முழங்கால் வலிக்காரர்கள் பதினேழு பேர். வரும்போது மழை.

கொழும்பிலிருந்து நிலானி பேசினாள். தம்பி செந்தூரனின் ஒரே பிள்ளை, அதற்குள் இருபத்திரண்டு வயது. காஸ் இல்லை, அவள் அம்மா மலர் விறகில் சமைக்கிறாளாம். சனிக்கிழமை எல்லோரும் ஜனாதிபதி மாளிகையை நோக்கிப் போகிறார்களாம், இவளும் போவாளாம். போகாதே, ஆமி நிற்கும் என்றேன்.

"எத்தினை பேரைத்தான் சுடுவாங்கள், மாமி?"

எத்தனை பேர் என்று எனக்கும் இதுவரை யாரும் சரியாகச் சொன்னதில்லை.

ஜூலை 9, சனி

காலையிலிருந்து போனைக் கீழே வைக்கவில்லை. இங்கே மூன்றரைக்கு, அங்கே ஒரு மணிக்கு, படம் வந்தது. முதலில் வானத்தைப் பார்த்துச் சுட்டார்களாம். பிறகு விலகிவிட்டார்களாம். கூட்டம் மாளிகைக்குள் போய்விட்டது. படத்தில் நிலானி. பக்கத்தில் சீருடையில் ஒருவன், வியர்த்துப் போய், அவள் கொடுத்த தண்ணீர்ப் போத்தலோடு சிரிக்கிறான். கீழே எழுதியிருந்தாள்: "சுடேல்லை மாமி."

உயிரோடு இருக்கிறாள். அதுதானே எனக்கு வேண்டியது? பிறகு ஏன் இவ்வளவு கோபம்?

போனைக் கவிழ்த்து வைத்தேன்.

ஜூலை 10, ஞாயிறு

ஹஜ்ஜுப் பெருநாள். கீழ்வீட்டு மலாய் அம்மா, எங்கள் மக்சிக், ரெண்டாங் இறைச்சிக் கறி கொடுத்தனுப்பினார். அப்படியே ஃபிரிட்ஜில் வைத்துவிட்டேன்.

ஜூலை 12, செவ்வாய்

சந்திரகலா எனக்குப் பக்கத்து மேசை. இந்த நாட்டிலேயே, கிள்ளானில் பிறந்தவள், சிலோனைப் பார்த்ததே இல்லை. "உங்க ஊரு ஆர்மி ஒருத்தரையும் சுடலையாமே அக்கா. நல்லவங்க லா," என்றாள். எனக்குச் சந்தோஷமாக இருக்கும் என்று நினைத்துத்தான் சொன்னாள். சிரித்து வைத்தேன். அதற்குப் பிறகு நோயாளிகளின் பெயரை மாற்றி மாற்றிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

மாலையில் இவர் செய்தி பார்த்துக்கொண்டே சொன்னார் — இராணுவம் விலகி நின்றால் கூட்டம் ஜெயிக்கும், நிற்காவிட்டால் இல்லை, எந்த நாட்டிலும் அவ்வளவுதான் என்று. யாருக்காக விலகி நிற்கும் என்று கேட்டேன். டிவியின் சத்தத்தைக் குறைத்தார்.

சனிக்கிழமை அங்கே நின்ற சிப்பாய்களுக்கு அந்தக் கூட்டத்தில் தங்கச்சி இருந்திருப்பாள், சித்தப்பா இருந்திருப்பார். அவர்கள் வீட்டிலும் அடுப்பு எரிந்திருக்காது. முள்ளிவாய்க்காலில் அவர்களுக்கு யார் இருந்தார்கள்?

ஜூலை 14, வியாழன்

ஜனாதிபதி நேற்று விமானப்படை விமானத்தில் நாட்டை விட்டுப் போனார். கூட்டத்துக்கு வழி விட்டவர்களும் படையினர்தான், அவரைப் பத்திரமாக ஏற்றி அனுப்பியவர்களும் அவர்கள்தான். மக்கள் வென்றார்கள் என்கிறார்கள். வென்றிருக்கட்டும். எனக்கு அலுப்பாக இருக்கிறது.

ஜூலை 22, வெள்ளி

காலை எட்டு மணிக்கு மலர் போன் எடுத்தாள். இரண்டு நாளைக்கு முன்புதான் புது ஜனாதிபதி வந்தார். இன்று விடியுமுன்பே ஆமியும் பொலிசும் காலிமுகத்திடலில் இறங்கி, போராட்டக்காரர்களின் கூடாரங்களைப் பிடுங்கிவிட்டார்களாம். நிலானி அங்கேதான் இருந்திருக்கிறாள். ஓடும்போது கூடாரக் கயிற்றில் தடுக்கி விழுந்து மணிக்கட்டு முறிந்துவிட்டது.

"அதே ஆமிதானே, மச்சாள்?" என்று கேட்டாள் மலர். "பதின்மூண்டு நாள்தானே ஆகுது."

ஜூலை 23, சனி

நிலானியே பேசினாள். கை வலி என்றாள். தண்ணீர் கொடுத்ததை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது என்றாள். வெட்கப்பட ஒன்றுமில்லை, அவனுக்குத் தாகமாக இருந்திருக்கும் என்றேன். பிறகு கேட்டாள்:

"அப்பா கடைசியா உங்களோடதானே கதைச்சவர். என்ன சொன்னவர்?"

லைன் சரியில்லை, ஒன்றும் கேட்கவில்லை என்றேன். பதின்மூன்று வருடமாக அதே பொய்.

இங்கேயாவது எழுதுகிறேன். 2009 மே 16. மலரும் பிள்ளையும் முன்பே முகாமுக்குப் போய்விட்டார்கள். நடக்க முடியாத எங்கள் ஐயாவுக்காகத் தம்பி முள்ளிவாய்க்காலில் பின்தங்கினான். ஐயா செத்து ஆறு நாள். யாருடையதோ சாட்டலைட் போனில் எனக்கு எடுத்தான். "அக்கா, போய்ச் சரணடையிறதோ, இருக்கிறதோ? நீ சொல்லு."

நான்தான் போ எண்டனான். சரணடைஞ்ச ஆளை ஆமி ஒண்டும் செய்யாது, சட்டம் இருக்கு எண்டனான். பிரிக்பீல்ட்ஸில ஃபேனுக்குக் கீழ இருந்துகொண்டு. எனக்கு என்ன தெரியும்? ஏன் சொன்னனான்?

அவன் சரணடைந்து ஆமியின் பஸ்ஸில் ஏறியதைப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். அதற்குப் பிறகு பார்த்தவர் யாருமில்லை.

நிலானியின் அந்தப் படத்தைப் பார்த்து எனக்கு வந்த கோபம் அவள் மீதல்ல.

ஜூலை 25, திங்கள்

வேலை. வீடு.

ஜூலை 31, ஞாயிறு

சொல்லிவிட்டேன். வீடியோவில் இரண்டு பேரும் இருந்தார்கள். மலர் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

"தெரியும் மச்சாள். அந்தப் போனைக் குடுத்தவர் எப்பவோ எனக்குச் சொல்லிப்போட்டார். நீங்களாச் சொல்லுவியளெண்டு பாத்துக்கொண்டிருந்தனான்."

மன்னித்தேன் என்று அவள் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. நிலானி எழுந்து போய்விட்டாள். வெறும் நாற்காலிதான் தெரிந்தது.

ஆகஸ்ட் 17, புதன்

நிலானி இன்னும் என் போனை எடுக்கவில்லை. இவர் சோறு போட்டுக் கூப்பிட்டார், அதனால் சாப்பிட்டேன்.

ஆகஸ்ட் 30, செவ்வாய்

காணாமல் போனவர்களின் நாள். நிலானியும் மலரும் வவுனியாவில், தெருவோரப் போராட்டப் பந்தலில், மற்றத் தாய்மாரோடு இருக்கிறார்கள். காலிமுகத்திடலில் கூட நின்ற சிநேகிதர்கள் எல்லோரையும் வரச் சொல்லிக் கேட்டாளாம். இரண்டு பேர் வந்தார்கள். ஒருத்தி சிங்களப் பிள்ளை. காலையிலிருந்து செந்தூரனின் படத்தை அவள்தான் பிடித்துக்கொண்டிருக்கிறாளாம். பந்தலுக்கு எதிரே யாரோ நின்று எல்லோரையும் போனில் படமெடுக்கிறார்களாம்.

போன வாரம்தான் நிலானி என்னோடு பேசினாள். ஒன்றே ஒன்று கேட்டாள், அப்பாவைத் தேடும் மனுவோடு வைக்க என் வாக்குமூலம். "அப்பா கேட்டதையும் எழுதுங்கோ, நீங்கள் சொன்னதையும் எழுதுங்கோ மாமி. உங்களுக்காண்டி ஒண்டையும் மாத்தாதேங்கோ."

அரை நாள் லீவு போட்டு, எழுதியதைச் சத்தியப் பிரமாணம் வாங்குபவரிடம் கொண்டுபோனேன். நாளை மெர்டேக்கா, இங்கே சுதந்திர தினம், அவர் வாசலிலும் கொடி. அவருக்குத் தமிழ் வாசிக்கத் தெரியும். இரண்டாம் பக்கத்தில் நிறுத்தி ஒருமுறை என்னை நிமிர்ந்து பார்த்தார். எல்லாம் உண்மைதானா என்று கேட்டார்.

உண்மை என்றேன். கையெழுத்து எங்கே என்று விரலால் காட்டினார்.

போட்டேன். இரண்டு மணிக்குக் கிளினிக்கில் இருந்தேன்.