லேஸ் வளையத்தின் நிழல்

அன்புள்ள பெரியவனுக்கு,

அம்மா சொல்லச் சொல்ல உன் தங்கை எழுதுவது. இங்கே எல்லாரும் சுகம். உன் சுகத்தை நேற்று பெரிய திரையிலேயே பார்த்துவிட்டோம், ஆனால் அந்த வறட்டு இருமல் விட்டதா என்று திரையில் தெரியவில்லை, அதை நீதான் எழுத வேண்டும். ஆமாம், மதியமே தையல் கடையைப் பூட்டிவிட்டு நானும் அப்பாவும் பூனையும் நீ கம்ப்யூட்டரில் காட்சி செய்துகொடுத்த படத்துக்குப் போய்வந்தோம். பூனை என்று எழுதச் சொன்னதற்கு உன் தங்கை முறைக்கிறாள், நடந்தால் சத்தம் வராதவளை வேறு எப்படிக் கூப்பிடுவது, எழுதடி என்றேன், எழுதிவிட்டாள்.

அந்தப் பட வேலை நடந்தபோது ஒரு நாள் நீ போனில் பேசிய குரல் இன்னும் என் காதிலேயே இருக்கிறது. படத்தில் வருகிற வளையம் சூழ்ந்த கிரகத்தின் மேல் அந்த வளையத்தின் நிழலைப் போட்டிருந்தாயாம், டைரக்டர் பார்த்துவிட்டு, "என்னப்பா, கிரகத்துக்கு பெல்ட் மாட்டி விட்டிருக்க, எடுத்துடு" என்றாராம். மற்ற படங்களில் வளையம் நிழலே இல்லாமல் சுற்றிலும் பளபளவென்று மின்னுகிறதே, யார் கேட்டார்கள் என்றாராம். நிழல் இல்லாமல் செய்ய எனக்கு மனசு வரவில்லை, சரியாக வராவிட்டால் அந்தக் காட்சியை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவார்கள், நான் மூட்டை கட்டிக்கொண்டு வந்துவிடுகிறேன் என்றாய். அப்பா உடனே, "வரட்டும், ஒரு மிஷின் சும்மாதானே கிடக்கு" என்றார். எனக்கு வந்ததே கோபம், "அவன் வானத்தையே தைக்கப் போனவன், காலர் தைக்கக் கூப்பிடாதீங்க" என்றேன்.

பூனை எழுந்து பரணில் ஏறினாள். ஒன்பதாம் வகுப்போடு போதும் என்று மிஷின் முன்னால் வந்து உட்கார்ந்தவள், அளவெடுக்க வருகிறவர்களிடம்கூட "கையைத் தூக்குங்க" என்பதற்கு மேல் வாய் திறக்கமாட்டாள் என்பது உனக்குத் தெரியும். பரணில் கிடந்த உன் வெள்ளைப் பந்தை எடுத்துவந்தாள். பூவேலை செய்கிற வட்டச் சட்டத்தில் துணியை இழுத்து மாட்டி, நடுவில் ஓட்டை வெட்டி, பந்தைச் சுற்றி நிறுத்தினோம். ஜன்னல்களைச் சாத்திவிட்டு மேஜை விளக்கைக் கொஞ்சம் மேலே பிடித்துப் போட்டால், பந்தின் கீழ்ப்பாதியில் கறுப்பாகப் பட்டையாக ஒரு நிழல். அசல் பெல்ட்டேதான். டைரக்டர் சொன்னது தப்பில்லை என்று அப்போதுதான் புரிந்தது. தப்பு எங்கள் கையில் இருந்தது. தையல்காரர்கள் எதற்குத் துணி வெட்டினாலும் கை முதலில் லைனிங் துணிக்குத்தான் போகும், அதில் ஒரு பொட்டு வெளிச்சம் புகாது. உண்மையான வளையம் ஒரே தகடு இல்லை, பனிக்கட்டியும் கல்லுமாகக் கோடிக்கணக்கில் சுற்றுகிறது, இடுக்குகளில் வெளிச்சம் கசியும் என்று எங்களுக்குச் சொன்னவனே நீதான். நீயும் உன் கம்ப்யூட்டரில் லைனிங்கைத்தான் போட்டிருந்தாய், என் பிள்ளை இல்லையா.

பூனை லேஸ் துணியை எடுத்தாள். ஆசிரியை அம்மாவின் கவுனுக்கு வைத்திருந்த லேஸ் அது, ஓரிடம் நெருக்கம், ஓரிடம் சல்லடை. அதை மாட்டியதும் பந்தின் மேல் நிழல் கோடு கோடாக, வளைந்து, அடர்ந்தும் வெளிறியும் விழுந்தது பார். விளக்கை உயர்த்தினால் நிழல் அகன்று கீழே இறங்கியது, வளையத்துக்கு நேராக இறக்கினால் ஒரு நூலாக மெலிந்துபோனது. பின்பக்கம் பந்தின் நிழல் வளையத்தில் ஒரு துண்டைக் கடித்து எடுத்திருந்தது. வீடியோ எடுத்து உனக்கு அனுப்பினோம். ஆசிரியை அம்மாவிடம் உண்மையைச் சொன்னேன், "என் லேஸ் கிரகத்துக்குப் போச்சா, அப்ப எனக்கு வேற வாங்கிக் குடு" என்று சிரித்துவிட்டுப் போனார். இரண்டாம் தடவை நீ காட்டியதும் டைரக்டர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார் என்று நீ சொன்ன அன்றைக்குத்தான் எனக்குத் தூக்கம் வந்தது.

நேற்று அந்தக் காட்சி வந்தபோது, விண்கப்பல் சின்னப் புள்ளியாக நம் லேஸ் நிழலுக்குள் போய் இருட்டி, இடுக்கில் வெளிச்சம் பட்டு, மறுபடி இருட்டியது. தியேட்டரே மூச்சு விடவில்லை, அப்பா மட்டும் குறட்டை விட்டார், கிள்ளி எழுப்பினேன். பின் வரிசையில் ஒருவர், "என்னய்யா கோடு கோடா, பிரிண்ட் கீறலா?" என்றார். நம் பூனை திரும்பி, எல்லாருக்கும் கேட்கும்படி, "கீறல் இல்லை, வளையத்தோட நிழல்" என்றாள். எனக்குத் திரையைப் பார்ப்பதா இவளைப் பார்ப்பதா என்று ஆகிவிட்டது. படம் முடிந்து பெயர்கள் ஓடுகையில் கூட்டுகிறவர், "முடிஞ்சுபோச்சும்மா, எழுந்திருங்க" என்றார், "என் பையன் பேரு இன்னும் வரலப்பா" என்றேன். அவரும் துடைப்பத்தோடு நின்று பார்த்தார். வந்தது.

வேளைக்குச் சாப்பிடு, கண்ணுக்கு ஓய்வு கொடு. இன்னும் உயர உயரப் போய், குறைவில்லாமல் இரு. இருமலைப் பற்றி எழுத மறக்காதே.

சொன்னது உன் அம்மா,
எழுதியது பூனை.

அண்ணா, இது நான். அம்மா மாவு பிசையப் போய்விட்டார். அவர் காதில் விழாதது ஒன்று உண்டு. அந்தப் பின் வரிசைக்காரர் விடாமல், "உனக்கு எப்படிம்மா தெரியும்?" என்று கேட்டார். "விளக்கைப் பிடிச்சது நான்தான்" என்றேன்.