மாவுக்கட்டு

பதிவு 1
நேரம் 23:40. ஆக்சிஜன் 20.9. அறை வெப்பம் 19. அழுத்தம் சரி.

கண்டெடுப்பவருக்கு. தயவுசெய்து இதை யாரிடமும் காட்டாதீர்கள். நலப்பிரிவு டாக்டரிடம் வேண்டவே வேண்டாம். என் அப்பாவிடமும் வேண்டாம். படித்து முடித்ததும் கிழித்துக் கழிவுக் குழாயில் போட்டுவிடுங்கள். இந்தக் காகிதம் தண்ணீரில் கரையும்.

என் பெயர் இசக்கி. பத்தாம் வகுப்பு. எங்கள் தளம் காலிஸ்டோவில் இருக்கிறது, பனிக்கு அடியில். காலிஸ்டோ என்பது வியாழனின் நிலாக்களில் ஒன்று. இங்கே தமிழ் பேசுகிறவர்கள் நானும் அம்மாவும் அப்பாவும் மட்டும்தான். மின்சாரம் போனாலும் பதிவு மிஞ்ச வேண்டும் என்று பள்ளியில் எல்லோருக்கும் ஒரு காகிதக் குறிப்பேடு தந்திருக்கிறார்கள். முதல் வரியில் காற்றும் வெப்பமும். பிறகு அன்றைய நிகழ்வு. திரையில் எழுதுவதையும் பேசி அனுப்புவதையும் நலப்பிரிவு பார்க்கும். காகிதத்தை யாரும் பார்ப்பதில்லை.

இன்றைய நிகழ்வு. காலையில் பாசிக்கூழ். மதியம் பாசிக்கூழ், காரம் போட்டது. இரவுக்கு உணவு இயந்திரத்தில் ‘இட்லி’ என்ற பொத்தானை அமுக்கினேன். வெள்ளையாக, வட்டமாக வந்தது. பார்க்க அப்படியே இருக்கும். வாயில் வைத்தால் ஈரப் பஞ்சு. துளி புளிப்பு கிடையாது.

அம்மா அதைப் பிட்டு, மோந்து பார்த்து, தட்டிலேயே வைத்துவிட்டாள். “ஒனக்குப் பசிச்சா இதையும் தின்னுட்டி” என்றாள். பசி இல்லாமலே தின்றேன். தட்டு காலியாக இருந்தால் அப்பா கேள்வி கேட்க மாட்டார்.

அம்மா பெயர் செல்லக்கனி. பூமியில், எங்கள் ஊரான ஏரலில், வீட்டுக்குள் அவள் பேசினால் பேருந்து நிறுத்தத்தில் நிற்பவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். இங்கே வந்ததிலிருந்து படுத்தே கிடக்கிறாள். வளையல் முழங்கை வரை ஏறுகிறது. இன்று நலப்பிரிவு டாக்டர் இங்க்ரிட் அப்பாவிடம் பேசியதை மொழிபெயர்ப்புக் கருவி சத்தமாகச் சொல்லிவிட்டது. “எடை மேலும் குறைந்தால் நெடுந்தூக்கத்தில் வைப்பதே பாதுகாப்பு. அடுத்த கப்பல் வரும் வரை.”

அடுத்த கப்பல் வர நான்கு வருடம் ஆகும். நான் பள்ளி முடித்திருப்பேன். அம்மா கண்ணாடிப் பெட்டிக்குள் இதே முகத்தோடு இருப்பாள்.

பதிவு 2
நேரம் 00:15. ஆக்சிஜன் 20.9. வெப்பம் 19. அழுத்தம் சரி.

கோமுவின் செய்தி வந்தது. ஏரலில் என் பக்கத்து பெஞ்சு. அவள் பேசியது:

“ஏட்டி இசக்கி, உயிரோட இருக்கியா? இங்கன வெயிலு மண்டையப் பொளக்கு. எங்கம்மா நேத்து மாவ ஃப்ரிட்ஜுல வைக்காம தூங்கிட்டா. காலைல பாத்தா பொங்கி வழிஞ்சு மேடையெல்லாம் ஓடி, எங்க அண்ணன் சார்ஜ் போட்டுருந்த போனுக்கும் இட்லி ஊத்தியாச்சு. அவன் போன எடுத்து நக்கிப் பாத்துட்டு, நல்லாத்தான் புளிச்சிருக்குங்கான். நீ அங்கன என்னட்டி திங்க?”

போர்வைக்குள் வைத்துத் திரும்பத் திரும்பக் கேட்டேன். சிரிப்பு வந்தது. சிரித்தால் கேட்டுவிடும் என்று தலையணையைக் கடித்துக்கொண்டேன். கொஞ்ச நேரத்தில் அது சிரிப்பாக இல்லை.

அம்மாவும் வந்த புதிதில் முயன்றாள். அரிசி மாவும் உளுந்து மாவும் ரேஷனில் வரும். கரைத்து, உப்புப் போட்டு, கையாலேயே கலக்கி வைத்தாள். கரண்டி போட்டால் பொங்காது, கைதான் போட வேண்டும் என்பாள். மறுநாள் பார்த்தால் சுவருக்கு அடிக்கக் கரைத்த சுண்ணாம்பு மாதிரி அசையாமல் கிடந்தது. அதற்கு மறுநாளும் அப்படியே.

அப்பா தளத்தின் காற்றுப் பிரிவில் வேலை பார்க்கிறார். அவர்தான் விளக்கினார். “இங்க வார மாவுல ஒரு கிருமி கெடையாது கனி. கதிர் காட்டித்தான் ஏத்துவாங்க. நம்ம ஒடம்புல இருந்ததையும் கப்பல் ஏறுமுன்ன கழுவி எடுத்துட்டாங்கல்லா. பெறவு எது வந்து பொங்க வைக்கும்?”

“அப்பம் என் கை செத்த கையா?” என்று அம்மா கேட்டாள்.

அப்பா எழுந்து போய்க் குழாயை இறுக்கினார். அது ஏற்கெனவே இறுக்கமாகத்தான் இருந்தது.

பதிவு 3
நேரம் 02:30. ஆக்சிஜன் 20.9. வெப்பம் 20. அழுத்தம் சரி.

இருட்டில் எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் மன்னியுங்கள்.

கோமுவின் செய்தியைக் கேட்ட பிறகு, மாவு வாசமே மறந்துவிடுமோ என்று பயமாக இருந்தது. அதனால் முந்தாநாள் கொஞ்சம் மாவை ஒரு டப்பாவில் கரைத்தேன். பொங்கும் என்று நினைக்கவே இல்லை. ஈர உளுந்தின் வாசம் போதும் என்று வைத்தேன். வலது கையால் கலக்கி, என் படுக்கைக்குப் பின்னால் ஓடும் வெந்நீர்க் குழாயை ஒட்டி ஒளித்தேன்.

இன்று வாசம்தான் என்னை எழுப்பியது. முதலில் ஏரலில் இருக்கிறேன் என்று நினைத்தேன். டப்பா மூடி ஒரு பக்கம் எழும்பி நின்றது. திறந்தேன். உள்ளே ஓட்டை ஓட்டையாக, மெல்ல மூச்சு விடுவது போல இருந்தது.

வெளிப்புற உடைகளை நீராவியில் சுத்தம் செய்யும் பெட்டி எங்கள் வாசலில் இருக்கிறது. அப்பாவுக்கு இரவு வேலை. கிண்ணத்தில் மாவை ஊற்றி, அப்பாவின் கையுறைகளை நகர்த்திவிட்டு, உள்ளே வைத்தேன். வெந்ததும் அம்மாவை எழுப்பினேன்.

அம்மா கண்ணைத் திறக்காமலே மோந்து பார்த்தாள். பிறகு எழுந்து உட்கார்ந்தாள். முழுவதையும் தின்றாள். கிண்ணத்தின் ஓரத்தை விரலால் வழித்தாள்.

“உப்பு கொறச்சல்” என்றாள்.

அம்மா ஒன்றைக் குறை சொல்லி எத்தனையோ மாதம் ஆகிறது. இருட்டில் நின்று அழுதேன்.

பதிவு 4
நேரம் 23:55. ஆக்சிஜன் 20.8. வெப்பம் 19. அழுத்தம் சரி.

அம்மா தினமும் சாப்பிடுகிறாள். எடை கூடியிருக்கிறது. டாக்டர் இங்க்ரிட் தன் மருந்துதான் காரணம் என்று நினைக்கிறார். நெடுந்தூக்கப் பேச்சு நின்றுவிட்டது.

அம்மா கலக்கினால் பொங்காத மாவு நான் கலக்கினால் ஏன் பொங்குகிறது என்று விடுகதை போலக் கோமுவிடம் கேட்டிருந்தேன். அப்படிக் கேட்டால் நலப்பிரிவுக்குப் புரியாது என்று நினைத்தேன். இன்று பதில் வந்தது.

“இது ஒரு கேள்வியாட்டி? சைக்கிள்ல பாலத்துச் சுவர்ல மோதி கைய ஒடிச்சுக்கிட்டுதான கப்பல் ஏறுன? மாவுக்கட்டு போட்ட கைல மாவு பொங்காம வேற என்ன பொங்கும்?”

அவள் கிண்டலுக்குத்தான் சொன்னாள். நான் என் வலது கையைத் திருப்பிப் பார்த்தேன்.

கப்பல் ஏறும் முன் எங்களை நீல விளக்கு அறையில் நிறுத்தி, தலை முதல் கால் வரை மருந்து பூசி, மாத்திரை கொடுத்துக் கழுவினார்கள். என் வலது கையில் விரல் நுனி வரை மாவுக்கட்டு. கட்டின் மேலே பூசினார்கள். உள்ளே போகவில்லை. கப்பலில் ஒரு நர்ஸ் கட்டைப் பிரித்தபோது உள்ளங்கை உரிந்து, அழுக்காக, ஊர் வாசத்தோடு இருந்தது. துடைத்துவிட்டு அனுப்பினாள்.

இந்தத் தளத்தில் ஏரல் மிஞ்சியிருப்பது என் ஒரு கையில் மட்டும்தான். வகுப்பில் பெஞ்சுக்கு அடியில் அதை இன்னொரு கையால் மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பேச ஆள் இல்லாததால், அதனிடம் வாய்க்குள்ளேயே பேசினேன்.

இன்னொன்றையும் எழுத வேண்டும். இன்று எங்கள் வகுப்புக்கு, கூழுக்கான பாசி வளரும் பாசித் தொட்டியில் முறைவேலை. என் கையுறையில் கிழிசல் இருந்தது. நான் கவனிக்கவில்லை. இல்லை, கவனித்தேன். வேறு கேட்டால் என் கையைப் பார்ப்பார்கள் என்று பேசாமல் இருந்துவிட்டேன்.

பதிவு 5
நேரம் 01:10. ஆக்சிஜன் 20.6. வெப்பம் 19. அழுத்தம் தெரியவில்லை, பார்க்கவில்லை.

இரவுச் சாப்பாட்டில் பாசிக்கூழ் புளித்திருந்தது.

முதல் வாய் வைத்ததுமே தெரிந்துவிட்டது. கரண்டியைக் கீழே வைத்துவிட்டு எல்லோரையும் பார்த்தேன். யாரும் முகம் சுளிக்கவில்லை. பிறகு ஒவ்வொருவராக எழுந்து இரண்டாம் முறை வாங்கப் போனார்கள். சமையல்காரர் பாவெல் யாரிடமும் சிரித்துப் பார்த்ததில்லை. அவர் பாத்திரத்தை விரலால் வழித்து நக்கிவிட்டு, தன் மொழியில் ஏதோ சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவருக்கும் ஏதோ ஓர் ஊர் ஞாபகம் வந்திருக்க வேண்டும். எல்லோரும் ஒருவருக்கொருவர் சத்தமாகப் பேச ஆரம்பித்தார்கள். நான் மட்டும் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தேன்.

சற்று நேரத்தில் ஒலிபெருக்கி. தமிழில் என் காதுக் கருவியில் கேட்டது இது:

“கவனிக்கவும். பாசித் தொட்டியில் அந்நிய உயிரி காணப்பட்டுள்ளது. அனைவரின் உள்ளங்கைகளும் பரிசோதிக்கப்படும். காரணமானவர், வயது வேறுபாடின்றி, அடுத்த கப்பல் வரும் வரை நெடுந்தூக்கத்தில் வைக்கப்படுவார்.”

அப்பா வேலைக்குக் கிளம்பும்போது ஷூவைப் பார்த்தபடியே சொன்னார். “பாசிதான் நமக்கு மூச்சு விடக் காத்து தருது. அது கெட்டா இங்க ஒருத்தரும் மிஞ்ச முடியாது. எவனோ தெரியாமச் செஞ்சிருக்கான்.” அம்மா என் கையைப் பார்த்தாள். பிறகு சுவரைப் பார்த்தாள்.

அவர் போனதும் டாக்டர் இங்க்ரிட் திரையில் அழைத்தார். சிரித்த முகம். கருவி அவர் பேச்சைத் தமிழாக்கியது. “உன் தோழியின் செய்தியில் மாவினால் செய்யப்பட்ட கட்டு என்று வருகிறது. அது எந்தவகைக் கட்டு? அதை எங்கே வைத்திருக்கிறாய்?”

எலும்பு முறிந்தால் போடுவதற்கு எங்கள் ஊரில் அப்படித்தான் பெயர், அதில் சாப்பிடும் மாவு கிடையாது என்றேன்.

“எந்தக் கை?”

இடது கை என்றேன். அவர் தலையாட்டினார். என் மருத்துவக் கோப்பைத் திறக்க அவருக்கு ஒரு நிமிடம் போதும்.

பதிவு 6
ஆக்சிஜன் 20.4. மற்றதைப் பார்க்கவில்லை.

வேகமாக எழுதுகிறேன்.

அம்மா தானாக எழுந்து நடந்து என் படுக்கைக்கு வந்தாள். சுவரைப் பிடிக்காமல் நடந்தாள். நான் எல்லாவற்றையும் சொன்னேன். கை, கட்டு, கையுறைக் கிழிசல், தொட்டி. காலையில் நானே போய் டாக்டரிடம் சொல்லிவிடுகிறேன், எல்லோரும் மூச்சு விட வேண்டுமே என்றேன்.

“தொட்டியக் கழுவ அவுங்களுக்குத் தெரியும். எது கெட்டுருக்குன்னு தெரிஞ்சா போதும். யாருன்னு நீ சொல்ல வேண்டாம்” என்றாள். “ஒன்னயப் பொட்டிக்குள்ள போட்டுட்டா நான் யாருகிட்டட்டி வாயடிக்க? ஒங்கப்பா கிட்டயா? அந்த மனுசன் குழாய இறுக்கப் போயிருவாரு.”

சிரித்தாள். என்னால் சிரிக்க முடியவில்லை.

மிச்ச மாவு எங்கே என்று கேட்டாள். டப்பாவைக் கொடுத்தேன். வலது கையை மணிக்கட்டு வரை உள்ளே விட்டாள். மெதுவாகப் பிசைந்தாள். விரல் இடுக்கெல்லாம் மாவு.

“ஒங்கப்பா அலமாரில கிருமி கொல்லுத நீலத் தண்ணி வச்சிருக்காருல்லா. அதுல போயி கையக் கழுவு. நகக்கண்ணுல்லாம் தேச்சுக் கழுவணும்.”

மாட்டேன் என்றேன். கழுவிவிட்டால் பிறகு மாவு பொங்காது, நீ சாப்பிட மாட்டாய், உன்னைத் தூங்க வைத்துவிடுவார்கள் என்றேன்.

“சொன்னாக் கேக்கணும்.”

ஏரலில் இந்தக் குரலுக்குத் தெருநாய்கூட எழுந்து போகும். நான் போனேன். கழுவினேன். தீயில் வைத்தது போல எரிந்தது. உள்ளங்கை சிவந்துவிட்டது. மோந்து பார்த்தேன். எதுவும் இல்லை. கண்ணாடியை மோந்தது போல இருந்தது.

திரும்பி வந்தபோதும் அம்மா டப்பாவுக்குள்தான் கையை வைத்திருந்தாள். கலக்குவதற்கு இவ்வளவு நேரம் வேண்டாம். அப்போதுதான் எனக்குப் புரிந்தது, என் கையில் இருந்ததைத் தன் கையில் ஏற்றிக்கொள்கிறாள். கையை வெளியே எடு அம்மா என்று இழுத்தேன். அவள் இடது கையால் என்னைத் தள்ளிவிட்டாள். இத்தனை நாள் தின்ற இட்லியின் பலம் அந்தத் தள்ளலில் இருந்தது.

“என்னட்டி எழுதுத?” என்று இப்போது கேட்கிறாள். பள்ளிக் குறிப்பேடு என்றேன். “அப்பம் எழுது. அம்மைதான் மாவு கலக்குனா, அம்மைதான் தொட்டியில கொட்டுனான்னு எழுது.”

நான் அப்படி எழுத மாட்டேன். அவளுக்கு அங்கிருந்து என் எழுத்து தெரியாது.

கதவைத் தட்டுகிறார்கள்.

நான்கைந்து பூட்ஸ் சத்தம். அப்பாவும் இருக்கிறார், அவர் இருமல் எனக்குத் தெரியும். இந்தக் கதவின் எண் அவருக்குத் தெரியும். ஆனாலும் திறக்காமல் தட்டிக்கொண்டே இருக்கிறார்.

அம்மா எழுந்துவிட்டாள். முடியை இடது கையால் ஒதுக்கினாள். வலது கையைத் துடைக்கவில்லை. விரலிலிருந்து மாவு தரையில் சொட்டுகிறது. “வாரேன், வாரேன், கதவ ஒடச்சிராதிய” என்கிறாள். எவ்வளவு சத்தம். நடைபாதை முழுக்கக் கேட்கும். நான் கூப்பிட்டும் திரும்பவில்லை. கதவுப் பொத்தானில் அந்தக் கையையே