கேமராவில் தெரிந்த வெள்ளைக் கட்டு

வேலம்பாளையம்
14.3.2008

அன்புள்ள மாதவன் கண்ணுக்கு அம்மா எழுதுகிறேன். அப்பாவுக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது, எனக்கு முழங்கால் வலி வழக்கம்போல. அந்த டொரண்டோ குளிரில் நீயும் மருமகளும் வர்ஷினிக் குட்டியும் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும் என்று குலசாமியை நினைத்துக்கொண்டுதான் தினமும் கண் விழிக்கிறேன். உடம்பு நன்றாக இருந்து என்ன, இங்கே நடப்பது எனக்குத் தலையும் புரியவில்லை வாலும் புரியவில்லை. போனில் சொன்னால் அழுதுவிடுவேன் என்றுதான் எழுதுகிறேன்.

போன மாதம் நம் கம்பெனியில் வெள்ளை பனியன் துணி ஒரு கட்டு காணாமல் போனது. கேமரா வைத்தே ஆகணும் என்று அப்பா ஒற்றைக்காலில் நின்றார். கேமரா கடை கன்னையன் இரண்டு மாதிரி கொண்டுவந்தார், ஒன்று கவிழ்த்த கிண்ணம்போல, ஒன்று டார்ச் லைட்போல. இது இருட்டில் இருபது மீட்டர் பார்க்கும், அது நாற்பது மீட்டர் பார்க்கும் என்கிறார். நம் கேட்டுக்கும் கட்டிங் டேபிளுக்கும் பதினைந்து மீட்டர்கூட இல்லை, மிச்சத்துக்கு எதிர்க் கம்பெனியையா பார்ப்பது? கலர் தெரியுமா என்று கேட்டேன். "இருட்டுல கருப்பு வெள்ளைதானுங்க அக்கா, ஆனா பளிச்சுன்னு தெரியுமுங்க" என்றார். கருப்பு கருப்பாகவும் வெள்ளை வெள்ளையாகவும் தெரிந்தால் போதாதா என்று நானும் தலையாட்டினேன். ஒரு வாரம் பார்த்துவிட்டுச் சொல்லுங்க என்று இரண்டையும் மாட்டிவிட்டுப் போனார்.

ஞாயிற்றுக்கிழமை டி.வி.யில் போட்டுப் பார்த்தால், முந்தின நாள் ராத்திரி வேலை முடிந்து நம் கட்டிங் மாஸ்டர் சகாயராஜ் வெள்ளைக் கட்டு ஒன்றைத் தோளில் போட்டுக்கொண்டு போகிறான். அப்பாவுக்கு வந்ததே கோபம். கூப்பிட்டுக் கேட்டால், மகள் நதியாவின் பள்ளிக்கூட நாடகத்துக்குத் திரை கட்ட அம்மாதான் துணி கொடுத்தார்கள் என்கிறான். அப்பா என்னைப் பார்த்தார். கொடுத்தது உண்மைதான், ஆனால் நான் கொடுத்தது மிச்சம் கிடந்த கருப்புத் துணி, டி.வி.யில் போவது வெள்ளை. பொய் சொல்லக் கூடாதே என்று அப்படியே சொல்லிவிட்டேன் கண்ணு. பதினாறு வருஷம் நம் வீட்டில் ஒருத்தனாக இருந்தவன், கத்தரியை டேபிள்மேல் வைத்துவிட்டுப் போய்விட்டான்.

செவ்வாய்க்கிழமை எந்த கேமரா வேணும் என்று கேட்கக் கன்னையன் வந்தார், இன்னொரு தடவை போட்டுப் பார்த்தோம். கேட் பூட்டும் நேரம் அப்பா நிற்கிறார், பக்கத்தில் வெள்ளைச் சேலையில் ஒரு பொம்பளை. எந்தக் கைம்பெண் நம் கேட்டில் என்று குனிந்து பார்த்தால், நான்! அட சாமி, உங்கப்பா குத்துக்கல்லாட்டம் பக்கத்தில் நிற்கும்போது எனக்கு வெள்ளைச் சேலையா? அன்றைக்கு நான் கட்டியிருந்தது நீ தீபாவளிக்கு எடுத்துக் கொடுத்த அரக்குச் சேலை. கன்னையனை ஒரு பிடி பிடித்தேன். அப்புறம்தான் சுருக்கென்றது. அதே கருப்புத் துணியில் ஒரு துண்டை எடுத்துவந்து, கதவைச் சாத்தி விளக்கை அணைத்து கேமரா முன்னால் பிடித்தோம். பஞ்சுபோல வெளுத்துத் தெரிந்தது. "சாயத் துணி சிலது, இந்த கேமரா இருட்டுல அடிக்கற கண்ணுக்குத் தெரியாத லைட்டுக்கு இப்படித் தெரியுமாட்ட இருக்குதுங்க, நானே இப்பத்தான் பாக்கறேன்" என்று கன்னையன் தலையைச் சொறிகிறார். முப்பது வருஷமாகத் துணியோடு பிழைக்கிறோம், நிறத்தில் போய் ஏமாந்தோமே.

அன்று சாயங்காலமே சகாயராஜ் வீட்டுக்குப் போனோம். அப்பா அவன் கையைப் பிடித்துத் தப்பு எங்கமேலதான் என்று சொல்லிவிட்டார், அவர் அப்படிச் சொல்லி நான் பார்த்ததே இல்லை. சகாயராஜ் என்னைத்தான் பார்த்தான். "அது மெஷினும்மா, அதுக்கு என்ன தெரியும். என் கையில துணியத் தூக்கிக் குடுத்தது நீங்கதானம்மா" என்றான். நாடகம் முடிந்து அந்தக் கருப்புத் துணி துவைத்துக் கொடியில் காய்ந்துகொண்டிருந்தது. அவன் வேலைக்கு வருகிறேன் என்றும் சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை.

காணாமல் போன கட்டை யார் எடுத்தார்கள் என்று இன்னும் தெரியவில்லை. கேட்டில் ஒரு லைட்டை எரியவிட்டால் கலரிலேயே தெரியும் என்கிறார் கன்னையன். அப்படியென்றால் இருட்டில் பார்க்கும் கேமரா எதற்கு, ஒன்றும் விளங்கவில்லை. கிண்ணமா டார்ச்சா என்று நீ விசாரித்து எழுது, அவசரமில்லை.

காதை மூடிக்கொண்டு வெளியே போ, குழந்தையோடு நம் பாஷையில் பேசு. மூன்று பேரும் ஒரு குறையும் இல்லாமல் இருக்கணும் கண்ணு. ஒன்று மட்டும் மறந்துவிடாதே. ஞாயிற்றுக்கிழமை எங்களுக்குப் போன் போட வேண்டாம், சகாயராஜ் செல்லுக்குப் போடு. மழை நாளில் உன்னைச் சைக்கிளில் வைத்துப் பள்ளிக்கூடம் கொண்டுபோய் விட்டவன், நீ சொன்னால் கேட்பான். செவ்வாய்க்கிழமையிலிருந்து அம்மா அவன் கத்தரியை வேறு யாரையும் தொட விடவில்லை என்று சொல்.

இப்படிக்கு
உன் அம்மா
மாரக்காள்